கடல் வந்த காலை: முல்லைத்தீவுக் கரையில் நின்றவர்கள் எழுதுங்கள்

கள்ளப்பாட்டு மகன்:
2004 மார்கழி (டிசம்பர்) 26 சுனாமி பற்றி எல்லோருக்கும் தெரியும், அதைத் திரும்பச் சொல்லவில்லை. எனக்கு ஒரு விஷயம்தான் இன்னும் நெஞ்சுக்குள் கிடக்கிறது. அப்பா அன்று கடலில். விடியப்புறம் போனவர், தூரத்தில் வலை இழுத்துக்கொண்டு நின்றிருக்கிறார். அந்த அலை அவருடைய படகுக்குக் கீழால்தான் போயிருக்க வேண்டும். படகு ஆடவில்லை, தண்ணீரின் நிறம் மாறவில்லை, ஒன்றுமே தெரியவில்லை என்றார். கரைக்குத் திரும்பும்போது முதலில் கிடுகு மிதந்து வந்ததாம். யாருடைய மீன்வாடியோ காற்றுக்குப் பிய்ந்துவிட்டது என்று நினைத்தாராம். அப்புறம் ஒரு கதவு. அப்புறம் ஏணைச் சேலை ஒன்று, முடிச்சு அவிழாமல். அதைப் படகுக்குள் எடுத்துப் போட்டுவிட்டுத்தான் கரையை நிமிர்ந்து பார்த்திருக்கிறார். பனைகள் நின்றன. பனைகளுக்கு இடையில் கூரைகள் இல்லை.

கரையில் இத்தனை பேரைக் கொண்டுபோனது, கடலில் நின்றவருக்கு ஏன் தெரியவில்லை? அப்பா சாகும் வரைக்கும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

சிலாவத்தை ரீச்சர்:
தம்பி, அப்பாவுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. சுமாத்திராவில் நிலம் நடுங்கி இரண்டு மணித்தியாலம் ஆனபோது வங்காள விரிகுடாவுக்கு மேலால் போன செய்மதிகள் அந்த அலையை அளந்தன. ஆழ்கடலில் அதன் உயரம் ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையில் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர். அப்படியென்றால் படகு பல நிமிடங்களில் முழங்கால் அளவு உயர்ந்து, மெதுவாகப் பதிந்திருக்கும். வழமையான அலையிலேயே அதைவிடக் கூட ஆடும். காற்று எழுப்பும் அலை மேற்பரப்பில்தான் ஓடும். இது அடியிலிருந்து மேல்வரை முழுத் தண்ணீரும் நகர்வது. வேகத்தைத் தீர்மானிப்பது ஆழம்: 4 கிலோமீற்றர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீற்றர் வரும். கரைக்குக் கிட்ட ஆழம் குறையும்போது முன்னால் வருகிற தண்ணீர் வேகம் குறைகிறது, பின்னால் வருவது இன்னும் வேகமாக வந்து அதன்மேல் ஏறுகிறது. உயரம் அங்கேதான் உண்டாகிறது. அப்பா நின்ற இடத்தில் அது இன்னும் எழும்பவில்லை.

கோயில்குடியிருப்பு:
நாங்கள் காலைப் பூசைக்குப் போன ஆட்கள். கடல் முதலில் உள்வாங்கியது. ஒருநாளும் வெளியில் தெரியாத நிலம் தெரிந்தது, சேற்றில் மீன் துடித்தது, பிள்ளைகள் பொறுக்க ஓடினார்கள். பிறகு வந்த தண்ணீர் கறுப்பு. நீலமும் இல்லை, மண்ணிறமும் இல்லை, கறுப்பு. கடலடிச் சேறு முழுவதையும் கிளறிக்கொண்டு வந்தது. அந்த மணம் மூக்கில் இருந்து இன்னும் போகவில்லை. நான் பனையைக் கட்டிப்பிடித்தேன். என் கையைப் பிடித்திருந்த தங்கச்சியின் கை, சேறு பட்டு வழுக்கியது. இவ்வளவுதான் எழுத முடிகிறது.

அதனால்தான் சொல்கிறேன், கடல் உள்வாங்கினால் ஓடுங்கள்.

செம்மலையான்:
கோயில்குடியிருப்பு, உங்கள் தங்கச்சிக்காக மனம் வருந்துகிறேன். ஆனால் கடைசி வரியை அப்படியே விட முடியாது. எங்கள் கரையில் கடல் முதலில் உள்வாங்கவில்லை. முதலில் ஏறியது. வேகமில்லாமல், சத்தமில்லாமல், முற்றத்துக்குள் வந்து அடுப்பை நனைத்தது. அம்மா விளக்குமாற்றோடு நின்று தண்ணீரைத் தள்ளினார். அதற்குப் பிறகுதான் கடல் வற்றியது. நீங்கள் கண்டதும் அந்த இரண்டாவது கட்டமாகத்தான் இருக்கும்.

இதற்குக் காரணம் இருக்கிறது. சுமாத்திராவிலிருந்து அந்தமான் பக்கம்வரை ஏறத்தாழ 1300 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலடித் தட்டு வெடித்து வழுக்கியது. மேற்குப் பக்கம், அதாவது எங்களைப் பார்த்த பக்கம், கடலடி மேலே எழும்பியது. கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. அதனால் தாய்லாந்துக்கு முதலில் அலையின் பள்ளம் போனது, இலங்கைக்கும் தமிழ்நாட்டுக்கும் முதலில் முகடு வந்தது. தாய்லாந்தில் கடல் உள்வாங்கிய கதை உண்மைதான். அதையே இங்கே பள்ளிக்கூடச் சுவரில் எழுதி வைத்தால், கடல் வற்றட்டும் என்று பார்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளை என்ன ஆகும்? முதலாவது அலை போனதும் பிள்ளைகளைத் தேடித் திரும்பி இறங்கியவர்களைத்தான் இரண்டாவது கொண்டுபோனது. அம்மா விளக்குமாற்றை வைக்கவே இல்லை.

நந்திக்கடல் ஓரம்:
செம்மலையான் அண்ணை சொல்வது சரி. என் கதை சின்னது. 2012 ஏப்ரல் 11 பிற்பகல், போர் முடிந்து மீள்குடியேறித் தகரக் கொட்டிலில் இருந்த நேரம். அறிவித்தல் வந்தது, எல்லோரும் முள்ளியவளைப் பக்கம் வெளிக்கிட்டோம். அம்மம்மா பாயை விட்டு எழும்பவில்லை. "கடலுக்கும் ஓடினேன், செல்லடிக்கும் ஓடினேன், இனி ஓடமாட்டேன்" என்றார். மாமா தூக்கிச் சயிக்கிளில் வைத்தார். ஒன்றும் வரவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எச்சரிக்கை என்றால் ஒருவரும் நம்புவதில்லை.

நம்ப வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். அன்றைய நடுக்கமும் 8.6, சின்னதில்லை. ஆனால் தட்டுகள் பக்கவாட்டில் உரசின, கடலடி பெரிதாக உயரவில்லை, ஆகவே தண்ணீரும் பெரிதாக எழும்பவில்லை. நடுக்கத்தின் அளவு சில நிமிடத்தில் தெரிந்துவிடும். தண்ணீர் அசைந்ததா என்பது கடலில் அளந்தால்தான் தெரியும். அதற்காக ஆழ்கடலின் அடியில் அமுக்கத்தை அளக்கும் கருவியை வைத்திருக்கிறார்கள். மேலால் அலை கடந்தால் சில சென்ரிமீற்றர் வித்தியாசத்தைக்கூட உணர்ந்து மிதவைக்கு அனுப்பும், மிதவை செய்மதிக்கு அனுப்பும். 2004இல் இந்து சமுத்திரத்தில் அப்படி ஒன்றுகூட இருக்கவில்லை. ஹவாயில் இருந்த சுனாமி எச்சரிக்கை நிலையம் முதலில் 8.0 என்றுதான் கணித்தது, உண்மையில் 9.1. இப்போது 2007இலிருந்து ஹைதராபாத்தில் ஒரு நிலையம் இயங்குகிறது. எங்கே, எவ்வளவு பெரிதாக நடுங்கினால் எந்தக் கரைக்கு எப்போது, எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே கணினியில் ஓட்டி வைத்திருக்கிறார்கள். நடுக்கம் வந்ததும் பொருந்துவதை எடுக்கிறார்கள், மிதவைச் செய்தி வந்ததும் திருத்துகிறார்கள். அந்தத் திருத்தம் வரும்வரை காத்திருந்தால் ஓட நேரம் போதாது. அதனால் முதல் அறிவித்தலுக்கே வெளிக்கிடுங்கள். கிழவர்களை யார் தூக்குவது என்று இன்றைக்கே பேசி வையுங்கள். களப்புப் பக்கம் ஓடாதீர்கள், கடலுக்கும் நந்திக்கடலுக்கும் இடையில் அகப்பட்டவர்கள் எத்தனை பேர். ஒரு அலை போனதும் திரும்பாதீர்கள், சில மணித்தியாலம் பொறுங்கள்.

கோயில்குடியிருப்பு:
செம்மலையான், எங்கள் வீடு கொஞ்சம் மேட்டில், முதல் ஏறியது எங்களுக்குத் தெரியாமல் போயிருக்கலாம். ஆனால் நேரம்? வேறொரு இடத்தில் நீங்கள் ஒன்பதரைக்குக் கிட்ட என்று எழுதியிருந்தீர்கள். நான் மணிக்கூடு பார்த்தவன், ஒன்பதுகூட ஆகவில்லை.

சிலாவத்தை ரீச்சர்:
இரண்டு பேரும் ஒரே நேரத்தைத்தான் சொல்கிறீர்கள். அப்போது கொழும்பு மணிக்கூடு எங்களுடையதைவிட அரை மணித்தியாலம் முந்தி ஓடியது. வன்னிக்குள் நாங்கள் பழைய நேரத்தையே வைத்திருந்தோம். சுமாத்திராவில் நடுங்கியது எங்கள் மணிக்கூட்டில் 6:29, கொழும்பில் 6:59. செம்மலையான் கொழும்பு வானொலி கேட்கிற வீடாக இருந்திருப்பார்.