டென்னிஸ்: வலது மூலைப் பந்தில் ஃபோர்ஹேண்ட் (மட்டை பிடித்த கைப்பக்கத்து அடி) தாமதமாகிறது, காலை எப்படி வைப்பது?

கேள்வி (ஆரல்வாய்மொழி):
வணக்கம். வலதுகை ஆட்டக்காரன், சாயங்காலம் சிமெண்ட் கோர்ட்டில் ஆடுகிறேன். நேராக வரும் பந்தில் குறையில்லை. வலது மூலைக்கு இழுத்துவிட்டால்தான் சிக்கல். ஓடிப்போய், பழகிய மாதிரியே இடது காலைக் குறுக்கே வைத்து அடிக்கிறேன். பந்து வலையில் விழுகிறது, இல்லாவிட்டால் வலப்பக்கக் கோட்டுக்கு வெளியே போகிறது. நடுவுக்குத் திரும்புவதற்குள் அடுத்த பந்து இடப்பக்கம் போய்விடுகிறது. ஓப்பன் ஸ்டான்ஸுக்கு, அதாவது இடது காலைக் குறுக்கே கொண்டுவராமல் கால்களை அகல வைத்து அடிக்கும் நிலைக்கு, மாறினால் சரியாகுமா?

பதில் (நாகர்கோவில்):
மாறுங்கள், ஆனால் மூலைப் பந்துக்கு மட்டும். இடது கால் குறுக்கே வந்தால் இடுப்பு பூட்டிக்கொள்ளும். கை மட்டும் வீசும். பந்து உடம்பைத் தாண்டிய பிறகுதான் மட்டை வந்து சேரும். வலப்பக்கம் வெளியே போவது அதனால்தான்.

கடைசியாக எடுத்து வைக்கும் எட்டு வலது காலில் முடியட்டும். அதை அகலமாக ஊன்றி, முட்டியை மடக்கி, உடம்பின் கனத்தை அதில் ஏற்றுங்கள். இடது கை மட்டையின் கழுத்தை விடாமல் கூடவே வந்தால் தோள் தானாகத் திரும்பும். ஓப்பன் ஸ்டான்ஸ் என்றதும் பலர் நெஞ்சையும் வலைக்கு நேராக வைத்துவிடுகிறார்கள். அப்படி அடித்தால் தோள் வலிதான் மிச்சம். அடித்ததும் அதே வலது காலால் தரையை உந்தித் திரும்புங்கள். சிங்கிள்ஸ் கோர்ட் 27 அடி அகலம், ஒரு எட்டு மிச்சமாவது பெரிய விஷயம்.

ஜோகோவிச் ஹார்ட் கோர்ட்டில் சறுக்கி அடிப்பதைப் பார்த்து முயல வேண்டாம். சொரசொரப்பான சிமெண்டில் ஷூ பிடித்துக்கொண்டால் கணுக்கால் மடங்கிவிடும்.

பதில் (தக்கலை):
முன்னவர் சொன்னது சரி. ஆனால் தம்பி, எனக்கென்னவோ கோளாறு ஸ்டான்ஸில் இல்லை, புறப்படுவதில் இருக்கிறது என்று படுகிறது. போனை வேலிக்கம்பியில் கட்டி வீடியோ எடுங்கள், மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எதிராளியின் மட்டை பந்தைத் தொடும் நொடியில் உங்கள் குதிகால் எங்கே இருக்கிறது? தரையில் அப்பியிருந்தால் அங்கேயே தாமதம் தொடங்கிவிட்டது. அவர் மட்டையை முன்னால் வீசும்போதே சின்னதாக ஒரு குதி குதித்து, அவர் அடிக்கும் நேரத்தில் முன்பாதத்தில் இறங்குங்கள். இதுதான் ஸ்பிளிட் ஸ்டெப். உயரமே வேண்டாம், செருப்பு நுழையும் இடைவெளி போதும். ஒவ்வொரு பந்துக்கும் செய்ய வேண்டும். நேரம் கிடைத்துவிட்டால் எந்த ஸ்டான்ஸ் என்பதைக் காலே முடிவு செய்துகொள்ளும்.

கேட்டவர்:
நன்றி அண்ணே. வீடியோவில் பார்த்தேன், பந்து வலையைத் தாண்டும் வரை இரண்டு குதிகாலும் தரையில்தான். குதித்து இறங்கி ஆடினால் மூலைப் பந்துக்கு நேரம் கிடைக்கிறது. ஆனால் எங்கள் ஊர்க் காற்று உங்களுக்குத் தெரியுமே. ஆடியில் கணவாய் வழியாக வீசும்போது, காலை ஊன்றிய பிறகு பந்து விலகிப் போகிறது.

பதில் (தக்கலை):
முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் காற்றாயிற்றே, பந்தை விட்டுவைக்குமா? அவசரப்பட்டு ஊன்றாதீர்கள். பந்து தரையில் பட்டு எழும்வரை சின்னச் சின்ன எட்டாக வைத்துக்கொண்டே இருங்கள். மட்டையையும் பின்னால் அதிகம் இழுக்க வேண்டாம்.

காற்று உங்கள் முதுகில் அடித்தால் எதிராளியின் பந்து வேகம் குறைந்து முன்னாலேயே விழும். அப்போது பின்கோட்டுக்கு உள்ளே வந்து, நீங்கள் பழகியபடி இடது காலை முன்னால் வைத்தே அடியுங்கள். குறுக்கே வேண்டாம், வலையைப் பார்த்து வையுங்கள். கனம் பந்தோடு போகும். காற்று முகத்தில் அடித்தால் பந்து ஆழமாக வரும், ஓரிரு எட்டு பின்னால் நில்லுங்கள்.

அப்புறம், மட்டை இல்லாமல் ஒரு பயிற்சி: நண்பரை வலது மூலைக்குப் பந்து வீசச் சொல்லி, வலது கால் ஊன்றியபின் இடுப்பு உயரத்தில், உடம்புக்கு முன்னால் கையால் பிடியுங்கள். முன்னால் பிடிக்க முடிந்தால் மட்டையோடும் முடியும்.