நொடி முள்ளைப் பொருத்த வழி சொல்லுங்கள்

வணக்கம். வலது மணிக்கட்டு முறிந்து, மாவுக்கட்டு பிரித்து ஐந்து வாரம் ஆகிறது. விரல்களுக்கு வேலை கொடுக்கலாம் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னதும், ரொம்ப நாள் ஆசைப்பட்ட கைக்கடிகாரம் கோர்க்கும் வேலையைத் தொடங்கிவிட்டேன்.

சீக்கோ என்எச்35 மூவ்மென்ட் (கடிகாரத்தை ஓட்டும் உள் இயந்திரம்). டயல், மணி முள், நிமிட முள் எல்லாம் சரியாக உட்கார்ந்துவிட்டன. நொடி முள்தான் பாடாய்ப் படுத்துகிறது. அதன் துளை வெறும் 0.20 மில்லிமீட்டர்! ட்வீசரில் பிடித்து அச்சுக்கு மேலே கொண்டுபோவதற்குள் கை நடுங்குகிறது. நேற்று முள் நழுவி டயலில் மெல்லிய கீறல் விழுந்துவிட்டது. மனசே ஆறவில்லை.

மேசையை நெஞ்சளவு உயர்த்தி, முழங்கை இரண்டையும் ஊன்றிப் பார்த்தேன். நடுக்கம் பாதி குறைந்தது. முள்ளை ரோடிகோவில் (கடிகார வேலைக்கான, பிசைந்த மாவு போன்ற மென்மையான ஒட்டும் பொருள்) ஒட்டியெடுத்து இடது கையால் வைக்கலாமா? அப்படிச் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அப்புறம், ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் உட்காரலாம்? அரை மணிக்கு மேல் போனால் மணிக்கட்டு வலிக்கிறது.