பக்கம் மாறிய தளபதி தீல்மான்: எப்படி மதிப்பிடுவது?

கேள்வி: கணியம்பாடி மாணவி

வணக்கம். வேலூரில் எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். யோகான் அடோல்ஃப் ஃபான் தீல்மான் என்ற, ஜெர்மன் அரசுகளில் ஒன்றான சாக்சனியின் தளபதியைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். 1765இல் டிரெஸ்டனில் பிறந்து, 1782இல் குதிரைப்படையில் சேர்ந்தவர். 1806இல் நெப்போலியனை எதிர்த்து நின்றார், பிறகு நெப்போலியனுக்காகவே சண்டை போட்டார், 1813இல் ரஷ்யாவிடம் போனார், 1815இல் இன்னொரு ஜெர்மன் அரசான பிரஷ்யாவின் தளபதி. எங்கள் வீட்டில் தாத்தா, அப்பா இரண்டு பேரும் பட்டாளம். எனக்கு இவரை ஏற்க மனம் வரவில்லை. பெரியவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பதில்: முன்னாள் ஹவில்தார், கம்மவான்பேட்டை

அம்மா, 1806 மாற்றத்தை அவர் கணக்கில் எழுதாதீர்கள். யேனா சண்டையில் நெப்போலியனிடம் தோற்றதும் சாக்சனியே பிரான்சோடு சேர்ந்துவிட்டது. ராஜா எந்தப் பக்கமோ பட்டாளமும் அந்தப் பக்கம்தான். அந்த ராஜாவுக்காக 1812 செப்டம்பர் 7 அன்று, நெப்போலியனின் ரஷ்யப் படையெடுப்பில், போரோடினோ சண்டையில் இவருடைய குதிரைப்படை ரயேவ்ஸ்கி மேட்டில் ஏறியது. மேலே மண் அரண், அதற்குள் ரஷ்யப் பீரங்கிகள். குதிரையோடு அதற்குள் பாய்ந்தார்கள். அந்த சாக்சன் ரெஜிமெண்டுகளில் ரஷ்யாவிலிருந்து ஊர் திரும்பியவர்கள் மிகச் சிலர்.

அப்புறம்தான் டோர்காவ். 1813இல் எல்பே ஆற்றங்கரையில் இருந்த அந்தக் கோட்டைக்கு இவர் அதிகாரி. தன் உத்தரவு இல்லாமல் யாருக்கும் கதவு திறக்கக் கூடாது என்பது ராஜாவின் கட்டளை. பிரெஞ்சுக்காரர்களையும் விடவில்லை, ரஷ்ய, பிரஷ்யப் படைகளையும் விடவில்லை. மே மாதம் லுட்சன் சண்டையில் நெப்போலியன் ஜெயித்ததும், பிரெஞ்சுக்காரர்களிடம் கோட்டையைக் கொடு என்று உத்தரவு வந்தது. ராஜினாமா செய்துவிட்டு ரஷ்யர்களிடம் போனார். கோட்டையையும் படையையும் கூடவே கொண்டுபோகவில்லை. கசம் பரேடில் கொடி முன்னால் சத்தியம் செய்தவன் நான். என் கண்ணுக்கு அது துரோகமாகத் தெரியவில்லை.

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர், காட்பாடி

ஐயா, ஒன்றை விட்டுவிட்டீர்கள். கோட்டைப் பொறுப்பில் இருந்தபோதே எதிர்ப்பக்கத்தோடு பேச்சு நடத்தியவர் அவர். 1815இல் வியன்னா மாநாட்டில் சாக்சனியின் பாதிக்கும் மேற்பட்ட நிலம் பிரஷ்யாவுக்குப் போனது, டோர்காவும் சேர்த்து. அதே பிரஷ்யாவில் இவர் தளபதி. அந்த ஊர்க்காரர்களுக்கு வலித்திருக்காதா?

பதில்: முன்னாள் ஹவில்தார், கம்மவான்பேட்டை

பேச்சு நடத்தியது தப்புதான் சார், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் வாவ்ர் சண்டையைப் பாருங்கள். 1815 ஜூன் 18 அன்று சுமார் 17,000 பேரை வைத்துக்கொண்டு பிரெஞ்சு மார்ஷல் குரூஷியின் 33,000 பேரைத் தடுத்தார். போரைப் பற்றிப் புத்தகம் எழுதிய கிளவுஸ்விட்ஸ்தான் அவருடைய தலைமை ஸ்டாஃப் அதிகாரி. மறுநாள் பின்வாங்க வேண்டி வந்தது, ஆனால் அதற்குள் நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ சண்டை முடிந்திருந்தது. குரூஷியால் அங்கே போய்ச் சேர முடியவில்லை.

எனக்கு வேறு ஒரு வருத்தம் உண்டு. அதிகாரிக்கு ராஜினாமா என்று ஒரு கதவு இருந்தது. டோர்காவில் விட்டுப்போன ஜவான்களுக்கு அது இல்லை. மறுபடி பிரெஞ்சுக்காரர்களுக்குக் கீழே போய் நின்றார்கள். யேனா நடந்த அதே 1806இல், ஜூலை 10 அன்று, நம் வேலூர்க் கோட்டையில் புதுத் தலைப்பாகையை ஏற்காத சிப்பாய்களுக்கும் அப்படி ஒரு கதவு இல்லை. பிடிபட்டவர்களில் சிலரைப் பீரங்கி வாயில் வைத்துச் சுட்டார்கள். கட்டுரையில் அந்த ஜவான்களுக்கும் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள் அம்மா.

பதில்: கணியம்பாடி மாணவி

சரி ஐயா, எழுதுகிறேன். 1813 அக்டோபரில் லைப்சிக் சண்டை நடுவிலேயே சாக்சன் படையினர் பலர் நெப்போலியனை விட்டு எதிர்ப்பக்கம் போனார்களே, அதையும் இதோடு சேர்த்தே பார்க்கப் போகிறேன்.