முப்பந்தல் காற்றும் பத்துக் கம்பக் கணக்கும்

சைக்கிள் போட்டிக்கு முந்தைய நாள் பயிற்சி சொதப்பிப்போனால் மறுநாள் கலந்துகொள்ளலாமா, ஒதுங்கிவிடலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சென்ற ஆடியில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

போட்டி எங்கள் குமரி மாவட்டத்தில். வெள்ளமடத்தில் புறப்பட்டு, தோவாளை, ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் வரை போய், அதே சாலையில் திரும்ப வேண்டும். மொத்தம் 20 கிலோமீட்டரை ஒட்டிய தூரம். பேச்சிப்பாறை வரை போய்வந்து பழகிய எனக்கு அது ஒரு தூரமாகவே படவில்லை. சனிக்கிழமை கடையில் வேலை முடிய மதியம் இரண்டு மணி ஆகிவிட்டது. சோறு தின்றால் வயிறு கனக்கும் என்று பால் இல்லாத ஒரு கட்டன் சாயாவோடு நிறுத்திக்கொண்டு, நல்ல காற்று நேரத்தில் சைக்கிளை எடுத்தேன்.

போகும்போது பறந்தேன். வேகமீட்டர் மணிக்கு 40 கிலோமீட்டர் காட்டியது. என் காலின் வலிமை என்றே நம்பினேன். முப்பந்தலில் திரும்பியதும் உண்மை தெரிந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை முடிகிற இடத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் ஒரு வாசல் போலத் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று முழுவதும் அந்த இடுக்கில் நெருக்கியடித்துக்கொண்டு வருகிறது. அத்தனை காற்றாலைகள் அங்கே நிற்பதும் அதனால்தான். எதிரே 25 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வரும்போது நாம் 20-இல் மிதித்தால், காற்றில்லாத நாளில் 45-இல் போகிறவன் படுகிற அதே காற்றுத் தடையை நாமும் பட வேண்டும். வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்கு. இதெல்லாம் படித்து அறிந்ததுதான். ஆனால் அன்று நான் 20-ஐ விடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன்.

தோவாளைக்குச் சற்று முன்னால் இடது கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தது. கண் இருட்டியது. இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்து, பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன்.

அந்த வீட்டுப் பாட்டா (தாத்தா) ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்ச் சொம்பு நிறையக் கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்தார். குடித்துப் பத்து நிமிடம் ஆன பிறகுதான் பேசினார். அவர் வாலிபத்தில் விடியற்காலையில் பிச்சிப்பூக் கூடையைச் சைக்கிளில் கட்டி நாகர்கோவில் வடசேரிக்குக் கொண்டுபோனவராம். சுமார் 10 கிலோமீட்டர், ஆடியில் முழுவதும் எதிர்க்காற்று.

“தனியாகப் போகமாட்டோம் மக்களே. இரண்டு பேர் போவோம். ஒருவன் காற்றை வாங்க வேண்டும், மற்றவன் அவன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்க வேண்டும். பனையை எண்ணி மாற்றிக்கொள்வோம். காற்றோடு மல்லுக்கு நின்றால் பூவும் போய்ச் சேராது, ஆளும் போய்ச் சேரமாட்டான்.”

இன்னொன்றும் காட்டிக்கொடுத்தார். காற்றாலை எப்போதும் காற்று வருகிற திசையைப் பார்த்தே நிற்கும். நாம் போகிற திசையில் நிற்கிற காற்றாலை நமக்கு முகம் காட்டினால் காற்று நம் முதுகில். முதுகு காட்டினால் காற்று நம் முகத்தில். இத்தனை வருடம் அந்தச் சாலையில் போய்வந்தும் நான் கவனிக்காத ஒன்று அது.

இரவு விலகிவிடலாம் என்றுதான் இருந்தேன். மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் வயிறு நிறையச் சாப்பிட்டு, காலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி ஒன்பதுக்கே படுத்தேன். நான்கு மணிக்கு எழுந்தபோது கெண்டைக்காலில் கடுப்பு இருந்தது, பிடிப்பு இல்லை. படியில் ஏறி இறங்கிப் பார்த்தேன். காலை ஊன்றும்போது குத்துகிற வலி இருந்திருந்தால் போயிருக்கமாட்டேன். இதை அழுத்திச் சொல்கிறேன், களைப்பு வேறு, காயம் வேறு. வேகவைத்த ஏத்தன்பழம் இரண்டு தின்றேன். போத்தல் தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்துகொண்டேன்.

போட்டித் தொடக்கத்தில் எல்லோரும் முந்தைய நாள் நான் பறந்தது போலவே பறந்தார்கள். காற்றாலைகள் நேருக்கு நேர் முகம் காட்டின. நான் 32-க்கு மேல் போகவில்லை. பின்னால் விழுந்துவிட்டோமே என்று மனம் அடித்துக்கொண்டதை மறைக்க மாட்டேன். முப்பந்தலில் திரும்பும்போது பக்கத்தில் மார்த்தாண்டம் பக்கத்துப் பையன் ஒருவன் தனியாகத் திணறிக்கொண்டிருந்தான்.

“தம்பி, பத்துக் கம்பம் நான், பத்துக் கம்பம் நீ” என்றேன்.

ஒரு நொடி சந்தேகமாகப் பார்த்தான். பிறகு, “சரி அண்ணா, நீங்கள் முதலில்” என்றான்.

மின்கம்பங்களை எண்ணினோம். பின்னால் ஒட்டிப் போகும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகிறது என்பார்கள். அதை என் மூச்சே சொன்னது. சாலை தென்மேற்காகத் திரும்புகிற இடத்தில் காற்று வலது முன்பக்கத்திலிருந்து வந்தது. அங்கே நேர் பின்னால் ஒதுங்கினால் பயனில்லை, சற்று இடப்பக்கமாக ஒதுங்க வேண்டும். முன்னால் போகிறவன் சாலையோரத்தை விட்டு இரண்டடி வலப்பக்கம் தள்ளி ஓட்டினால்தான் பின்னவனுக்கு இடம் கிடைக்கும். அதை அவனுக்கு இரண்டு முறை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் முறை அவனாகவே இடம் விட்டான். தோவாளைக்குள் வருவதற்குள் தனித்தனியாகத் தளர்ந்துபோயிருந்த ஒன்பது பேரைக் கடந்திருந்தோம்.

கடைசி இருநூறு மீட்டரில் கம்பக் கணக்கு கிடையாது. அவன் கால் இளம் கால். அவன் ஆறாவது, நான் ஏழாவது.

திரும்பும் வழியில் பாட்டாவைப் பார்க்கப் போனேன். பூச்சந்தையிலிருந்து அவர் இன்னும் வந்திருக்கவில்லை. வீட்டிலிருந்த ஆச்சியிடம் ஒரு சீப்பு மட்டிப்பழத்தைக் கொடுத்துவிட்டு, “பத்துக் கம்பம் என்று சொல்லுங்கள், அவருக்குப் புரியும்” என்று சொல்லி வந்தேன்.

மணக்குடிப் பாலத்தில் கடல்காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது ஓட்டியவர்கள் இருந்தால் எழுதுங்கள். அங்கே ஹேண்டில் ஆடாமல் பிடிக்க எனக்கு இன்னும் வரவில்லை.