ஹெட்ஃபோன் மாட்டி இரண்டு மணி நேரத்தில் காது களைத்துவிடுகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
பதிவு செய்த பேட்டிகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது என் வேலை. வாரத்தில் ஆறு நாள், தினமும் ஆறேழு மணி நேரம் காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன்தான். மூக்குக்கண்ணாடியும் போடுவேன். இரண்டு மணி நேரம் தாண்டினால் கண்ணாடிக் கம்பி படும் இடத்தில் வலி ஆரம்பிக்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மதியத்துக்கு மேல் பேசுகிறவர் 'ஸ' சொல்லும்போதெல்லாம் ஊசி குத்துவதுபோல் இருக்கிறது. வெளிச்சத்தத்தை அடக்கும் நாய்ஸ் கேன்சலிங் வசதியைப் போட்டால் மலையேறும் பேருந்தில் காது அடைப்பதுபோல் ஆகிறது. வேறு ஹெட்ஃபோன் வாங்கத்தான் வேண்டுமா?

பதில் 1:
ஹெட்ஃபோன் தலையை அழுத்தும் பிடி இறுக்கமாக இருந்தால் புத்தகங்களை அடுக்கி, அதில் ராத்திரி முழுக்க மாட்டி வையுங்கள். உங்கள் தலையைவிடக் கொஞ்சம் அகலமாக இருந்தால் போதும், ரொம்ப இழுத்தால் உடைந்துவிடும்.

பதில் 2:
ஒலிக்கலவை வேலையில் இருக்கிறேன். வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் எந்தச் சத்தமும் இல்லாமல் ஹெட்ஃபோனைச் சும்மா மாட்டிக்கொண்டு இருந்து பாருங்கள். அப்போதும் வலித்தால் பிடியும் மெத்தையும்தான் காரணம். மற்றதெல்லாம் ஒலியால் வருவது. இதைப் பிரித்துப் பார்க்காமல் நான் மூன்று ஹெட்ஃபோன் மாற்றினேன்.

'ஸ' உரசல் பெரும்பாலும் 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். ஈக்வலைசரில் (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) அந்த இடத்தை 3 டெசிபல் இறக்குங்கள். 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் அதிகம் கை வைக்காதீர்கள், சொற்கள் மங்கிவிடும்.

அப்புறம், பேட்டி எடுப்பவர் இடது காதிலும் பதில் சொல்பவர் வலது காதிலும் தனித்தனியாகக் கேட்கிறார்களா? அப்படியென்றால் உடனே மோனோவுக்கு, அதாவது இரண்டு காதிலும் ஒரே ஒலி வரும்படி, மாற்றுங்கள். நேரில் யார் பேசினாலும் குரல் இரண்டு காதுக்கும் வந்து சேரும். ஒரே காதில் மட்டும் கேட்பது யாரோ காதோரம் நின்று பேசுவதுபோல், அது நாள் முழுக்க என்றால் எப்படித் தாங்கும்?

நாய்ஸ் கேன்சலிங்கில் காற்றழுத்தம் எதுவும் மாறுவதில்லை. தாழ்ந்த ஒலிகள் மட்டும் சட்டென்று மறைவதைச் சிலர் அடைப்பாக உணர்கிறார்கள். அறை அமைதியாக இருந்தால் அணைத்துவிடுங்கள்.

எனக்குக் கவலை வால்யூம்தான். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிவிடும், அதாவது 83-க்கு 20 மணி நேரம். உங்கள் வேலை நேரமே 40-ஐத் தொடுகிறது. களைத்த காது மந்தமாகும், கை தானாக ஏற்றும். காலையில் வைத்த இடத்தில் பேனாவால் கோடு போட்டு, மாலைவரை அதைத் தாண்டாதீர்கள்.

கேட்டவர்:
சத்தமில்லாமல் மாட்டிப் பார்த்தேன், நாற்பதாவது நிமிடம் கண்ணாடிக் கம்பி குத்த ஆரம்பித்தது. காது மெத்தை நசுங்கி இறுகிப் போயிருந்தது, மாற்றப் போகிறேன். பேட்டிகளும் நீங்கள் சொன்னபடியேதான், ஆளுக்கொரு காது! மோனோவில் இன்று நான்கு மணி நேரம் ஓட்டினேன், ஊசி குத்தல் வெகுவாகக் குறைந்திருக்கிறது. வால்யூம் மட்டும் கோட்டைவிட இரண்டு புள்ளி மேலே போயிருந்தது, இறக்கிவிட்டேன்.

பதில் 3:
வேலை முடிந்தபின் காதில் 'கொய்ங்' என்ற சத்தம் வருகிறதா என்றும் கவனியுங்கள். மறுநாளும் இருந்தால் காது மருத்துவரைப் பார்த்துவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.