தூண்டில் வளைவு ஓர் ஊரைக் காக்கிறது. பக்கத்து ஊரின் கரை போகிறது. நாங்கள் எதைக் கேட்பது?

நெய்தல்மகள்:
எங்கள் ஊர் குளச்சலுக்கு மேற்கே உள்ள சிறிய கடற்கரை ஊர். பக்கத்து ஊரில் தூண்டில் வளைவு, அதாவது கரையைக் காக்கக் கடலுக்குள் நீட்டிப் போடும் கல்வரிசை, கட்டி முடித்த பிறகு மூன்று ஆடி மாதங்கள் கடந்துவிட்டன. கரைமடி வலையைக் கரையில் நின்று இழுக்கவும் நெத்தோலி காய வைக்கவும் இருந்த மணல்பரப்பு அத்தனையும் போய்விட்டது. வீட்டின் பின்னால் நின்ற கடைசித் தென்னையின் வேர்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. கிணற்று நீரும் உப்பாகிவிட்டது. பக்கத்து ஊர் நாங்கள் பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர் என்பதால் அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. எங்களுக்கும் ஒரு வளைவு கேட்டு மனுக் கொடுக்கலாம் என்கிறார்கள். ஆனால் எங்களை அடுத்து இருபது வீடுகளே உள்ள ஒரு குடியிருப்பு இருக்கிறது. அந்த வீடுகளின் நிலை என்ன ஆகும்?

அலைவாய்க்கரை:
சகோதரி, உங்கள் அச்சம் சரியானது. அலை கரையில் சாய்வாக மோதுவதால் மணல் கரையோரமாகவே நகர்ந்துகொண்டிருக்கிறது. கடலுக்குள் நீளும் கல்வரிசை அதைத் தடுத்து ஒரு பக்கம் சேர்த்துக்கொள்ள, மறுபக்கத்துக்கு வரவேண்டிய மணல் வராமல் கரை கரைகிறது. 1990 முதல் 2018 வரையிலான கரை மாற்றத்தை ஆராய்ந்த தேசியக் கடலோர ஆய்வு மையம், நாட்டின் கடற்கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளாவதாகக் கண்டது. எனவே ஊருக்கு ஒன்று என்று கல் கேட்பதைவிட, மணல் நகரும் கரைப்பகுதி முழுவதையும் ஒன்றாகக் கொண்ட ஆய்வையும், தேங்கிய மணலை மறுபக்கம் கொண்டுவந்து கொட்டுவதையும் கேளுங்கள். அரிப்புத் தடுப்புப் பணிகள் அறிவியல் ஆய்வின் அடிப்படையில் அமைய வேண்டும் என்று 2011ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையே சொன்னது. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில், பக்கத்து ஊர் வளைவுக்கான ஆய்வறிக்கையைக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். அறிக்கையில் உங்கள் ஊரின் பெயர் எங்காவது வருகிறதா என்று முதலில் பாருங்கள். பெரிய ஊரின் குரல் கோட்டாட்சியர் அலுவலகம்வரை கேட்கிறது, இருபது வீட்டின் குரல் கேட்பதில்லை என்பதே இங்கு நடக்கும் அநியாயம்.

விளவங்கோட்டான்:
கடலில் போடும் கல் எங்கள் பக்கத்து மலைகளை உடைத்து வருவது. கல்குவாரி வெடியில் எங்கள் வீட்டுச் சுவரில் விரிசல் விழுந்திருக்கிறது. கிரஷர் தூசி ரப்பர் இலைகளில் வெள்ளையாகப் படிந்து கிடக்கிறது. அந்தச் சிலிக்காத் தூசியைப் பல ஆண்டு சுவாசிக்கும் தொழிலாளியின் நுரையீரல் பிறகு தேறுவதே இல்லை. கல் வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. உங்கள் மனுவில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நெய்தல்மகள்:
அண்ணன்மாருக்கு நன்றி. வளைவு கேட்கும் மனுவை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டேன். ஞாயிறு திருப்பலி முடிந்ததும், அந்த இருபது வீட்டாரையும் பக்கத்து ஊராரையும் உட்காரவைத்து, தகவல் கேட்கும் மனுவை ஒன்றாக எழுதப் போகிறோம்.