ஒன்பதாம் வகுப்புக்கு மத நல்லிணக்கத்தை எப்படிச் சொல்லித் தருவது?

நாகை டீச்சர்:
நாகப்பட்டினம் பக்கம் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். போன வாரம் ஒரு பையன், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, "அவங்க எல்லாம் வந்தேறிங்கதானே டீச்சர்?" என்று வகுப்பில் கேட்டான். பக்கத்தில் இருந்த பையன் தலையைக் குனிந்துகொண்டான். இருவரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறவர்கள். ஒற்றுமையாக இருங்கள் என்றால் "சரி டீச்சர்" என்பார்கள், வாசலைத் தாண்டியதும் போயிற்று. அந்த அரை நிமிட வீடியோவுக்கு எதிரே நான் எதை வைப்பது?

பழைய வாத்தியார்:
அறிவுரை வேண்டாம் அம்மா, ஆனைமங்கலம் செப்பேட்டை எடுங்கள். கடல் தாண்டி சுமத்ராவை ஆண்ட ஸ்ரீவிஜய அரசர் நாகையில் எடுப்பித்த சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளிக்கு, தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய அதே ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். மகன் ராஜேந்திரன் அதைச் செப்பேட்டில் வெட்டுவித்தான். பெண் யானையை நடத்தி எல்லை குறித்து, 'கல்லும் கள்ளியும் நாட்டி'க் கொடுத்தார்கள். இந்த வரியைப் பலகையில் எழுதிவிட்டு நான் பேசாமல் நிற்பேன். "கள்ளி எதுக்கு சார்?" என்று ஒருவன் கேட்பான். "ஆடு கடிக்காதுல்ல" என்று ஆடு மேய்க்கும் வீட்டுப் பையன் பதில் சொல்வான். அதன் பிறகு வகுப்பு அவர்களுடையது.

விகாரத்தின் எச்சமாகக் கருதப்படும் கோபுரத்தை 1867-ல் ஏசு சபையார் அரசு அனுமதியோடு இடித்ததையும் மறைக்காதீர்கள். நல்லதை மட்டும் சொன்னால் பிள்ளைகள் நம்மை நம்ப மாட்டார்கள். ஆனால் அதைச் சொல்லும்போது வகுப்பில் உள்ள கிறிஸ்தவப் பிள்ளைகளின் பக்கம் திரும்பிப் பார்க்காதீர்கள்.

நாகூர்க்காரன்:
போனைப் பிடுங்காமல் பிள்ளைகளை நாகூர் தர்காவுக்குக் கூட்டி வாருங்கள். 131 அடி பெரிய மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப் சிங். அடியில் நின்று எடுத்தால் உச்சி படத்துக்குள் வராது, பின்னால் நடந்துகொண்டே இருக்க வேண்டும். என் மகள் வகுப்பில் வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து ஒரு நிமிட வீடியோ எடுக்க வைத்தார்கள். சொல்லும் ஒவ்வொரு செய்தியையும் எங்கே பார்த்தோம், யார் சொன்னார்கள் என்று காட்ட வேண்டும் என்பது விதி. பேரனுக்கு மொட்டை போட வந்த ஓர் இந்துப் பாட்டி, "எங்க வீட்டுல முதல் மொட்டை எப்பவும் எஜமானுக்குத்தான்" என்று நாகூர் ஆண்டவரைச் சொன்னார். மகள் அதை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறாள்.

நாகை டீச்சர்:
இருவருக்கும் நன்றி. ஆனைமங்கலம் எங்களுக்குப் பஸ்ஸில் போகும் தூரம்தான், சனிக்கிழமை அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். அந்த இரண்டு பையன்களையும் ஒரே ஜோடியாகப் போடலாமா?

பழைய வாத்தியார்:
போடலாம். ஆனால் அதற்கு முன்னால், தலை குனிந்த பையனிடம் நாளைக்கே தனியாகப் பேசிவிடுங்கள் அம்மா. சனிக்கிழமை வரை அவனைக் காக்க வைக்காதீர்கள்.